பாபி பாடல, சரி. ஆடினாரா இல்லையா?

அண்ணா வணக்கம். அம்மாபேட்டைல இருந்து எழுதறேன், வயசு 52. 85ல ஏழாவது படிக்கறப்ப முதல் அக்ரஹாரத்துல ஒரு கடையில போனி எம்ங்கற இங்கிலீஷ் பாட்டு குரூப்போட கேசட் வாங்கினேன். இங்கிலீஷ் ஒரு வார்த்த புரியாது, ஆனா அந்த பாபி ஃபேரலோட கனமான குரலுக்காகவே டேப் தேயற வரைக்கும் கேட்டேன். போன வாரம் என் பையன் போன்ல ஒரு வீடியோ காட்டி, கேசட்ல இருக்கற ஆம்பளக் குரல் பாபியோடதே இல்ல, வேற ஆள் பாடினதுங்கறான். 40 வருஷமா ஏமாந்துட்டேன்னு கேசட்ட தூக்கி குப்பையில போட்டுட்டேன். அந்த ஆள் ஃப்ராடுதானே அண்ணா? அவங்க பாட்டுல வர்ற ரஷ்ய சாமியார் ராஸ்புடின் செத்த அதே நாள்ல அதே ஊர்ல பாபியும் செத்தாராமே, சாபமா? இன்னொண்ணு, பையன் காலேஜ்ல பேண்ட் வச்சிருக்கான், படிப்ப விட்டுட்டு அதுலயே போறேங்கறான், விடலாமா?

எம்., சேலம்

---

தம்பி,

கேசட்ட குப்பையில போட்டேன்னு படிச்சதும் எனக்கு வந்த கோவத்துக்கு அப்பவே ரெண்டு வரி திட்டி அனுப்பியிருப்பேன், ஒரு ராத்திரி தள்ளிப் போட்டேன். இப்பவும் கோவம் முழுசா போகல. உங்க காசு, உங்க கேசட், எனக்கென்ன, ஆனாலும்.

முதல்ல அந்த சாபத்த முடிச்சுடலாம். பாபி ஃபேரல் செத்தது 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒரு ஓட்டல் ரூம்ல. ராஸ்புடின கொன்னது 1916 டிசம்பர் 30, அதே ஊர்தான். ஆனா அது நம்ம காலண்டர்ல, அப்ப ரஷ்யாக்காரங்க வச்சிருந்த காலண்டர்ல அன்னைக்கு தேதி 17. சாபம் எந்த காலண்டர் பாத்து வேலை செய்யும்னு விசாரிச்சுட்டு வாங்க. 61 வயசு ஆளு, ரஷ்யக் குளிர்ல முதநாள் ராத்திரி மேடையில ஆடியிருக்காரு, மூச்சு வாங்குதுன்னு சொல்லியிருக்காரு, காலைல எந்திரிக்கல. இதயம் நின்னுடுச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் உங்க பையன் கண்டுபிடிச்ச அந்த ரகசியம். அத 1978லயே வெளிய சொன்னது வேற யாரும் இல்ல, போனி எம்ம உருவாக்கி அந்த ஆம்பளக் குரல்ல பாடின ஃபிராங்க் ஃபாரியனேதான். நீங்க கடைக்குப் போய் காசு குடுத்து வாங்கறதுக்கு 7 வருஷம் முன்னாடி. உங்கள யாரும் ஏமாத்தல, சேலத்துக்கு சேதி வந்து சேர லேட்டாயிடுச்சு. ஃபாரியன் ஜெர்மன்காரரு, சமையல் தொழில் கத்தவரு, அவங்க ஊரு மெல்லிசை மாதிரி ஒண்ணு இருக்கு, அதுல பாடிட்டிருந்தவரு. 1975ல போனி எம்ங்கற பேர்ல வந்த முதல் பாட்டுல கனமான குரலும் அவர்தான், உச்சத்துல பொம்பளைக் குரல் மாதிரி வர்றதும் அவர்தான். பாட்டு ஓடிடுச்சு, ஆடற இடத்துல எல்லாம் குரூப்ப கூட்டிட்டு வான்னு கேட்டாங்க, குரூப்பே இல்ல. அப்பதான் ஆள் தேடி பாபி வந்தாரு. கரீபியன் கடல்ல அரூபான்னு ஒரு தீவு, அங்கிருந்து 15 வயசுல கப்பலேறி நார்வே, ஹாலந்துன்னு சுத்தி ஜெர்மனில டிஜே வேலை பாத்துட்டிருந்த பையன்.

இன்னொண்ணும் சொல்றேன், பாட்டு முழுக்க தாங்கிப் பிடிச்சது லிஸ் மிட்செல், கூட மார்ஷியா பேரட். அவங்க நெஜமாவே பாடினாங்க. 40 வருஷம் கேட்டிருக்கீங்க, உங்க லெட்டர்ல அவங்க பேரே இல்ல! உங்களுக்கு பாடினவங்க யாருங்கறது எப்பவுமே முக்கியமா இல்ல தம்பி, ஆடினவர்தான் முக்கியம். அத ஒத்துக்கிட்டா இந்த அழுகையே வேண்டியதில்ல.

அவரு பாட்டுக்கு வாயசைச்சாரு, ஃப்ராடுங்கறீங்க. இத எந்த ஊர்ல உக்காந்துட்டு சொல்றீங்க? ஏற்காடு போற ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச் இன்னும் நிக்குது. 1935ல டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்சு, நூத்துக்கு மேல படம் எடுத்த இடம். அங்க எடுத்த மந்திரி குமாரில மலை உச்சிக்கு கூட்டிட்டுப் போறப்ப வர்ற பாட்டு, பாடினது திருச்சி லோகநாதனும் ஜிக்கியும், வாயசைச்சது எஸ்.ஏ.நடராஜனும் மாதுரி தேவியும். யாராவது நடராஜன ஃப்ராடுன்னாங்களா? அதுக்கு முன்னாடி பாகவதர், சின்னப்பா காலத்துல பாடத் தெரியாதவன் ஹீரோவே இல்ல, அப்புறம் மாறிச்சு, நாம ஏத்துக்கிட்டோம், ஏன்னா பாடினவர் பேரையும் போட்டோம், ஆடினவர் பேரையும் போட்டோம். எடுத்ததும் போட்டுடல, அதுவும் உண்மை, 1949ல மஹால் இந்திப் படத்து ரெக்கார்டுல லதா மங்கேஷ்கர் பேருக்கு பதிலா கதாபாத்திரத்தோட பேரத்தான் அச்சடிச்சாங்க. ஆடி மாசம் குகை வண்டி வேடிக்கையில சிவன் வேஷம் போட்டு அசையாம உக்காந்திருக்கறவன்கிட்ட போய், நீ சிவன் இல்லியாமேன்னு கேப்பீங்களா? தப்பு வாயசைச்சதுல இல்ல, பேர மறைச்சதுல. முதல்ல அத மறைச்சவரு ஃபாரியன், பழி மட்டும் மேடையில முகம் காட்டினவருக்கு.

நான் இத இவ்வளவு இழுக்கறதுக்கு காரணம் எங்க சின்ன மாமா. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வேலை, பகல் முழுக்க ஊதுகுழல ஊதி வெள்ளி பத்த வைக்கறது, ராத்திரி பண்டிகை சீசன்ல ரெக்கார்ட் டான்ஸ். வீட்டுல அவர் பேச்ச எடுத்தாலே பாட்டி பேச்ச மாத்தும், அந்தக் காலத்துல ரெக்கார்ட் டான்ஸ்னா அவ்வளவு மரியாதை. ஏற்காட்டு போர்டிங் ஸ்கூல் பையன் ஒருத்தன் ஒரு டிடிகே கேசட்ல போனி எம் பதிஞ்சு குடுத்தான், மாமா பாபி ஆயிட்டாரு. ஒரு 80 பக்க நோட்டு, அதுல இங்கிலீஷ் பாட்ட காதுல விழுந்த மாதிரி தமிழ்ல எழுதி வச்சிருப்பாரு, மூச்சு எடுக்கற இடத்துல எல்லாம் சிவப்பு மையில ஒரு புள்ளி. பாடறவனுக்குத்தானே மூச்சு, உனக்கெதுக்கு மாமான்னு கேட்டேன். டேய், நெஞ்சு ஏறி எறங்கலன்னா முன்னாடி உக்காந்திருக்கற சின்னப்பையன் கண்டுபிடிச்சுடுவாண்டான்னாரு. ஜிகினாவ அவரே ராத்திரில லைட் கீழ உக்காந்து கோத்து தைப்பாரு.

மலையடிவாரத்துல ஒரு ஊர்ல ஆடிப் பண்டிகை, நானும் கூடப் போயிருந்தேன். பாட்டு பாதில டேப் இழுக்க ஆரம்பிச்சுது, குரல் அப்படியே கனத்து கனத்து பேய் மாதிரி நீளுது, கூட்டம் ஊஊன்னு கத்துது, நான் தலைய குனிஞ்சுட்டேன். மாமா நிறுத்தல. டேப் எவ்வளவு மெதுவாச்சோ அவரும் அவ்வளவு மெதுவானாரு, கை மேல போறதுக்கு அரை நிமிஷம், வாய் அப்படியே தெறந்து மெதுவா மூடுது, தண்ணிக்குள்ள ஆடற மாதிரி. கடைசில டேப் நின்னுச்சு, இவரும் ஒத்தக் கால்ல நின்னாரு. ஒரு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் வந்த விசில நான் இன்னும் மறக்கல. பெரியவர் ஒருத்தர் மேல வந்து 10 ரூவா குத்திவிட்டாரு.

இத ஏன் சொல்றேன்னா, அதே ஃபாரியன் பின்னாடி மில்லி வனில்லின்னு ரெண்டு பசங்கள வச்சு இதே வேலைய பண்ணாரு. 1989ல அமெரிக்காவுல மேடையில டேப் சிக்கி ஒரே வரி திரும்பத் திரும்ப வருது, ராப் பிலாட்டஸ்ங்கற பையன் பயந்து மேடைய விட்டு ஓடிட்டான். அடுத்த வருஷம் விஷயம் வெளிய வந்து கிராமி விருதையும் புடுங்கினாங்க. 1998ல அவனும் ஒரு ஓட்டல் ரூம்லதான் செத்துக் கெடந்தான், போதை. ஃபாரியன் 82 வயசு வரைக்கும் இருந்து 2024ல போனாரு. எனக்கு அந்தப் பையன நெனச்சாத்தான் வயிறு எரியுது. ஓடாம இழுத்து ஆடியிருக்கலாமேடா கண்ணு.

பாபி ஓடல. 1981ல ஃபாரியனோட ஒத்துவராம வெளிய போனாரு, அவர் இடத்துல வேற ஆள போட்டாங்க, மறுபடி வந்தாரு, 86ல குரூப்பே கலைஞ்சுது. அப்புறமும் அதே பேர வச்சு ஊர் ஊரா, நாடு நாடா ஆடினாரு. மேடையில அவர் சொந்தக் குரல்லயே பாடுவாரு, அதையும் உங்க பையன்கிட்ட சொல்லுங்க. பையன்னதும் ஞாபகம் வருது, படிப்ப முடிக்கச் சொல்லுங்க, என்னத்த சொல்ல.

போன பொங்கலுக்கு மாமாவ பாக்கப் போனேன். முட்டி ரெண்டும் போச்சு, கட்டில்தான். பாபி பாடல மாமா, வாய்தான் அசைச்சாருன்னு மெதுவா சொன்னேன், மனசு ஒடைஞ்சுடுமோன்னு பயம். எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "அப்ப அவனும் நம்மாளாடா?"ன்னு அப்படி ஒரு சிரிப்பு, இருமல் வர்ற வரைக்கும். எப்படி செத்தாருன்னு கேட்டாரு, ஓட்டல் ரூம், ஆடின மறுநாள் காலைலன்னேன். கொஞ்ச நேரம் ஃபேனயே பாத்துட்டிருந்தாரு.

"அந்த ஆட்டத்துக்கு காசு செட்டில் பண்ணிட்டாங்களாமா?"

குப்ப வண்டி இன்னும் வரலன்னா அந்த கேசட்ட எடுத்து வைங்க தம்பி, நான் வந்து வாங்கிக்கறேன். மாமாகிட்ட டேப் ரெக்கார்டர் இருக்கு, கொஞ்சம் இழுக்கும்.