மங்கிய திரையும் மாறிய பதிலும்

கேள்வி: வீட்டிலிருந்தே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். பத்து மாதங்களுக்கு முன் கடையில் ரூ.58,000-க்கு வாங்கிய லேப்டாப்பின் திரை, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாலும் மங்கலாகவே இருக்கிறது. வாரண்டி ஓராண்டு. சர்வீஸ் சென்டரில் முதலில் ‘இந்த மாடலே இப்படித்தான்’ என்றார்கள். மறுமுறை போனபோது ‘அடிபட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது, ரூ.14,000 கட்டுங்கள்’ என்கிறார்கள். என்ன செய்வது? – வாசகி, திருச்சி.

பதில்: அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வெளிக்கடையில் கொடுத்துக் கழற்றவும் வேண்டாம். பரிசோதித்தால்தான் குறை தெரியும் என்ற நிலையில், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு (நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38). திரையை மாற்றிவிட்டால் அனுப்புவதற்கு எதுவும் இருக்காது.

இரண்டு முறையும் சர்வீஸ் சென்டரில் கொடுத்த ஜாப் ஷீட்டுகளை (பொருளைப் பெற்றுக்கொண்டதற்கான பழுதுச் சீட்டு) எடுத்துப் பாருங்கள். பொருளை வாங்கி வைக்கும்போது அதன் வெளித்தோற்றத்தைக் குறிக்க ஓர் இடம் இருக்கும். முதல் ஷீட்டில் கீறல், விரிசல் என்று எதுவும் எழுதப்படவில்லை என்றால், பிறகு அடி எப்படி வந்தது என்று அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். மாடலின் இயல்பு என்று சொன்னவர்களே அடுத்த முறை அடிபட்டது என்பது ஏற்கத்தக்க பதிலே அல்ல. மறுப்பை வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், வாரண்டி முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மீதமிருக்கும் இரண்டு மாதங்களை வீணாக்கக் கூடாது.

அதற்கு முன், தானாக வெளிச்சத்தைக் குறைக்கும் அமைப்பை அணைத்து, சார்ஜரில் இணைத்துப் பாருங்கள். வேறொரு மானிட்டரில் படம் பளிச்சென்று தெரிந்தால் பழுது திரைப் பக்கம்தான் என்று பெரும்பாலும் சொல்லலாம். புகைப்படம் எடுப்பதில் கவனம் தேவை. கைப்பேசி கேமரா மங்கலான திரையையும் தானே வெளிச்சமாக்கிக் காட்டிவிடும். எனவே நல்ல லேப்டாப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுங்கள்.

‘தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. உங்கள் நிலை அதுதான்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம், சர்வீஸ் சென்டர் மூவருக்கும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துத் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். ஆய்வகச் சோதனை தேவைப்படும் மனுவை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும்.

விலை முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று மட்டும் கேட்பதை நான் விரும்பவில்லை. கட்டணமின்றித் திரையை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் புது லேப்டாப், அதுவும் இல்லையென்றால் பணம் வட்டியுடன் என்று படிப்படியாகக் கேளுங்கள். வேலை கெட்டதற்கான இழப்பீட்டைத் தனியாகக் கோருங்கள். கைவிட்டுப்போன கணக்கு வேலைகளுக்கு ஆதாரம் இருந்தால் மனுவோடு இணையுங்கள்.