வேலைக்குப் போகிற வீட்டுக்கு எத்தனை மூலிகை? வாசகர் கேள்வி – பதில்

மழை பிடித்துவிட்டதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலும் சளி, இருமல், காய்ச்சல்தான். நடுவில் கொஞ்சம் தொட்டிச் செடி, கொஞ்சம் குப்பை. நேராகப் பதிலுக்கே போய்விடலாம்.

கேள்வி: நானும் கணவரும் காலை 8 மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு 8 ஆகிவிடும். அடுக்குமாடி வீடு, சின்ன பால்கனி. மொட்டைமாடியில் ஒரு ஓரம் தருவதாகக் குடியிருப்போர் சங்கத்தில் சொல்கிறார்கள். மூலிகைத் தோட்டம் போட ஆசை. யாரோ அனுப்பிய 40 செடிப் பட்டியலைப் பார்த்து மலைத்துப்போய் இருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? – வாசகி, பெருங்குடி, சென்னை

அந்தப் பட்டியலை முதலில் அழித்துவிடுங்கள். போன மூன்று மாதத்தில் உங்கள் சமையலறையில் எந்தப் பச்சிலை உண்மையாகவே செலவானது என்று யோசியுங்கள், அதுதான் உங்கள் பட்டியல். பெரும்பாலான வீடுகளில் அது கறிவேப்பிலை, புதினா, கற்பூரவள்ளி, துளசி என்று நாலோடு நின்றுவிடும், கூட ஒரு தூதுவளை வைத்தால் தாராளம். சிறியாநங்கை, ஆவாரை, வல்லாரை எல்லாம் நல்ல செடிகள்தான், ஆனால் பறித்து என்ன செய்வதென்று தெரியாத செடிக்கு யாரும் ஞாபகமாகத் தண்ணீர் ஊற்றுவதில்லை, மே மாதம் வரும்போது தொட்டியும் மண்ணும்தான் மிச்சம் இருக்கும்.

கற்பூரவள்ளியில் தொடங்குங்கள். ஓமவல்லி என்று கேட்டாலும் அதுதான் கிடைக்கும். தெரிந்த வீட்டில் ஒரு கிளை ஒடித்து வந்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் செருகினால் போதும், வேர் விட்டுவிடும். இலையும் தண்டும் சதைப்பிடிப்பானவை, இரண்டு நாள் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் தாங்கும். அன்பு மிகுந்துபோய் தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் தண்டு அழுகிச் சாகும். புதினாவுக்கு நர்சரிக்குப் போக வேண்டியதே இல்லை, சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துவிட்டு, கொஞ்சம் முற்றிய தண்டுகளை நட்டு வையுங்கள். அதற்கு அரை நிழலும் ஈரமும் பிடிக்கும், ஆகவே பால்கனியிலேயே இருக்கட்டும். துளசிக்கு வெயில் வேண்டும், மாடிக்கு அனுப்புங்கள். கதிர் விட விட நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இலை பெருகும், விட்டால் விதை கட்டிக் குச்சியாகிப் போகும். கறிவேப்பிலைக்கு மட்டும் சின்னத் தொட்டி உதவாது, பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியைச் சுத்தமாகக் கழுவி அடியில் நாலைந்து ஓட்டை போட்டு வையுங்கள். இலையாக உருவாமல் கொத்தாகக் கிள்ளினால் பக்கக் கிளை வரும்.

மண் கலவைக்கு செம்மண், தென்னைநார்க் கழிவு, நன்றாக மட்கிய எரு, மூன்றும் சம பங்கு. தென்னைநார்க் கழிவைக் கட்டியாக விற்பார்கள், அதை ஊறவைத்து ஒன்றிரண்டு முறை தண்ணீர் மாற்றி அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். மாடியில் தொட்டிகளைச் செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டின் மேலோ தூக்கி வைத்துவிடுங்கள், தளத்தில் ஈரம் தேங்கிக் கீழ் வீட்டுக் கூரையில் கறை தெரிந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் தோட்டம்தான் முதல் தீர்மானம். கத்திரி வெயிலுக்கு மட்டும் பச்சை நிழல்வலை, 50 சதவீதம் நிழல் தருவது போதும். தினம் காலையில் பல் தேய்க்கும் நேரம் தண்ணீருக்கு, ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் மற்ற வேலைக்கு. அதற்கு மேல் கேட்கிற தோட்டம் உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

கேள்வி: என் குழந்தைக்கு 8 மாதம். சளி பிடித்திருக்கிறது. கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் குழைத்து நாக்கில் தடவச் சொல்கிறார் மாமியார், வசம்பு சுட்டு உரசியும் கொடுக்கலாம் என்கிறார். அவர் மூன்று பிள்ளை வளர்த்தவர், எதிர்த்துப் பேசவும் தயக்கம். கொடுக்கலாமா? – வாசகி, மதுரை

கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு சொட்டுகூட ஆகாது. கொம்புத் தேனோ கடைத் தேனோ, எதில் வேண்டுமானாலும் க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்க இடம் கிடைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். முதலில் மலச்சிக்கல், அப்புறம் அழுகை மெலிந்து, பால் குடிக்கும் பலம் குறைந்து, கழுத்து துவளும், மூச்சுக்கும் ஆபத்து. எல்லாக் குழந்தைக்கும் வராது, அபூர்வம்தான், அதனால்தான் மூன்று பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று மாமியாரால் உண்மையாகவே சொல்ல முடிகிறது. தேனைச் சூடு காட்டிக் கொடுத்தாலும் அந்த வித்துகள் சாகாது.

வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம், ஆனாலும் அதில் ஆசரோன் என்றொரு பொருள் இருக்கிறது, அது நல்லதல்ல. சிறு குழந்தைக்கு வாந்தி, மயக்கம் வரை கொண்டுபோய்விடலாம். கையில் வசம்பு வளையல் கட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள், 8 மாதக் குழந்தை கையில் இருக்கிற எதையும் வாயில் வைக்கும். ஆவி பிடிக்க வைப்பதும் கூடாது.

வேறு என்னதான் செய்வது? தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து, பால் கொடுப்பதற்குச் சற்று முன்பு. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப்போய், டாக்டரிடம் அவரையே கேட்க வையுங்கள். இதே விஷயம் மருமகள் வாயால் வந்தால் ஒரு மாதிரி, டாக்டர் வாயால் வந்தால் வேறு மாதிரி.

கேள்வி: பள்ளி போகும் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மழைக்காலம் முழுக்கச் சளி, இருமல். காலை அவசரத்தில் கஷாயம் வைக்க நேரமே இல்லை. சுலபமான வழி இருக்கிறதா? – வாசகி, திருச்சி

கஷாயத்தைத் தனியாக வைக்காதீர்கள், சாப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, நாலைந்து ஏலக்காய், எல்லாவற்றையும் வெறும் வாணலியில் சூடு காட்டி (சுக்கை முதலில் தட்டிக்கொள்ளுங்கள், அப்படியே போட்டால் மிக்சி பிளேடு அழும்) பொடித்து டப்பாவில் வையுங்கள். மாலையில் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன், கருப்பட்டி, ஒரு கொதி. சுக்குமல்லிக் காபி தயார். பிள்ளைகள் கருப்பட்டிக்காகவே குடிக்கும்.

தூதுவளையை இரவு ரசத்தில் போடுங்கள். முள்ளை ஆய்ந்துவிட்டு ஒரு கைப்பிடி இலையை நெய்யில் வதக்கி, ரசத்துக்கு அரைக்கும் மிளகு சீரகம் பூண்டோடு சேர்த்து அரைத்தால் கூடுதலாக ஐந்து நிமிடம்கூட ஆகாது. தோசை மாவில் கலந்தாலும் சரி. ஆடாதோடையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது சாதாரண இலை இல்லை, இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தே ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து வந்ததுதான். அதனால்தான் சொல்கிறேன், அதை மருந்தாகவே நினையுங்கள், சித்த மருத்துவர் அளவு சொன்னால் மட்டும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும்.

பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்து நொச்சி இலை போட்ட கொதிநீரில் ஆவி பிடிக்க வைப்பதை நிறுத்துங்கள். சளியால் ஆகிற கெடுதலைவிட, பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகிற கெடுதல் பெரிது. நீங்கள் ஆவி பிடிக்க வேண்டுமானால் மேசை மேல் அசையாத பாத்திரத்தில், பிள்ளைகள் தூங்கிய பிறகு பிடியுங்கள். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற பெரியவர்கள் இருந்தால் இன்னொன்று: தொண்டைக் கமறலுக்கென்று அதிமதுரத்தை நாள் கணக்கில் மெல்ல விடாதீர்கள், அது அழுத்தத்தை ஏற்றும்.

சாதாரணச் சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே இறங்கிவிடும். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ, இரவில் வீசிங் சத்தம் கேட்டாலோ ரசத்தை ரசமாக மட்டும் குடித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: தம்பிக்கு மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் இருந்தால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார்கள் ஊரில். – வாசகர், விழுப்புரம் மாவட்டம்

ஐயா, இதைப் படிக்கும்போது தம்பிக்கு ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், முடியவில்லை என்றால் இன்றே போங்கள். கண் மஞ்சளாவது ஓர் அடையாளம் மட்டுமே. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ ஆக இருக்கலாம், பி ஆக இருக்கலாம், பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், குடியால் ஈரல் கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கல் அடைத்தவருக்கு எத்தனை உருண்டை கீழாநெல்லி கொடுத்தாலும் கல் நகராது.

ஊரில் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும், அந்த வாரங்களில் எது கொடுத்தோமோ அதற்குப் பேர் போய்விடுகிறது. குணமாகாதவர் கதையை யாரும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதில்லை, அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் இருக்கிறது, பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே கேளுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எங்காவது ரத்தம் கசிந்தாலோ அது அவசரம். அதோடு, பெயர் தெரியாத பச்சிலை, பாராசிட்டமால், மது மூன்றையும் தம்பியின் ஈரல் பக்கம் அண்ட விடாதீர்கள்.

கேள்வி: சர்க்கரைக்கு க்ளிமிபிரைடு மாத்திரை போடுகிறேன். கூடவே தினமும் நிலவேம்புக் குடிநீரும் பாகற்காய்ச் சாறும் குடிக்கலாமா? – வாசகர், சேலம்

நிலவேம்பு, சுக்கு, மிளகு, வெட்டிவேர், பற்படாகம் என்று 9 சரக்கு சேர்ந்த குடிநீர் அது, காய்ச்சல் காலத்தில் சில நாட்களுக்குக் கொடுப்பது. காலைக் காபிக்குப் பதிலாக வருடம் முழுவதும் குடிப்பதற்கு இல்லை. உங்கள் மாத்திரையே சர்க்கரையைத் தாழ்த்தக் கூடியது, பாகற்சாறும் கொஞ்சம் தாழ்த்தும், நிலவேம்புக்கும் விலங்குகளில் செய்த ஆய்வுகளில் அந்தக் குணம் தெரிகிறது. மூன்றும் சேர்ந்து வெறும் வயிற்றில் இறங்கினால் பேருந்து நிறுத்தத்தில் வியர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவீர்கள். பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். மற்றதை மாத்திரை எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: சமையலறைக் கழிவில் உரம் போட ஒரு வாளி வைத்தேன். நாற்றம் தாங்கவில்லை, வெள்ளைப் புழு வேறு. கணவர் வாளியைத் தூக்கி எறியச் சொல்கிறார். – வாசகி, கோவை

எறிய வேண்டாம். உங்கள் வாளியில் ஈரம் கூடிப்போய்விட்டது, காற்று இல்லை, அதுதான் அழுகிய முட்டை நாற்றம். வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் நிறைய ஓட்டை போடுங்கள். இப்போது இருப்பதைக் கொட்டிக் கிளறி, காய்ந்த சருகோ தென்னைநார்க் கழிவோ தாராளமாகக் கலந்து திரும்பப் போடுங்கள். இனி ஒரு பங்கு காய்த்தோலுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு காய்ந்த பொருள், கண்ணளவாகப் போட்டால் போதும். பிடித்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை மட்டும் ஈரமாக வேண்டும். மீன், கறி, மிஞ்சிய சாம்பார் சாதம் இந்த வாளிக்கு ஆகாது. தொடங்கி வைக்கப் புளித்த மோர் ஒரு கரண்டி தெளித்தால் நல்லது. அந்தப் புழுக்கள் கருப்பாக நீளமாக இருக்கும் ஒருவகை ஈயின் புழுக்களாக இருக்கலாம், கடிக்காது, நோய் பரப்பாது, உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே சருகு போட்டு மூடுங்கள், கணவருக்கும் அதுதான் வழி. இரண்டு மாதத்தில் மண் வாசனை வந்தால் சலித்துத் தொட்டிக்குப் போடலாம்.

கேள்வி: செம்பருத்தியில் வெள்ளை மாவு மாதிரி அப்பிக்கொண்டிருக்கிறது. – வாசகர், தாம்பரம்

மாவுப்பூச்சி. அதிகம் பிடித்த நுனிகளை வெட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள், உர வாளியில் போடாதீர்கள். மிச்சத்தைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரையக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிப்பு, வாரம் ஒருமுறை. எறும்பு ஏறுகிறதா பாருங்கள், பூச்சியை ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து வைப்பதே அதுதான்.

கேள்வி: பிரண்டைத் துவையல் செய்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கிறது, பிள்ளைகள் ஓடுகிறார்கள். – வாசகி, தஞ்சாவூர்

முற்றின தண்டைப் பறிக்கிறீர்கள். கொடியின் நுனியிலிருந்து மூன்று நாலு கணு, நகம் வைத்தால் உடனே இறங்குகிற பதத்தில் இருப்பதை மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நீக்கி, ஓரத்து நாரை உரியுங்கள். பொடியாக நறுக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, பச்சை நிறம் மாறிச் சுருளும் வரை பொறுமையாக வதக்க வேண்டும். பாதி வதங்கலில் இறக்கினால் அரிக்கத்தான் செய்யும், அதிலிருக்கும் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் அப்படி. உளுந்து, மிளகாய், தேங்காய் வழக்கம்போல, புளியை மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர் வீட்டில் இருந்தால் அவர் தட்டில் வைக்காதீர்கள். வெட்டி எறிந்த கணுவைத் தொட்டி ஓரத்தில் ஊன்றி வையுங்கள், இளம் நுனிக்கு இனிமேல் கடைக்குப் போக வேண்டியிருக்காது.