திரைப்படம், இயற்கை, வடிவமைப்பு, இணைய விளையாட்டு: பலரும் சொல்லாத, சற்றே விசித்திரமான பரிந்துரைகள் உங்களிடம் உண்டா?

உண்டு. ஆனால் 'தவறவிடக் கூடாத ஐம்பது' என்பது போன்ற பட்டியலை எதிர்பார்த்தால் அது என்னிடம் இல்லை. விடுமுறை நாளில் கைப்பேசித் திரையைத் தள்ளித் தள்ளிச் சலித்தபின் இக்கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பட்டியல்களால் வந்த சலிப்புக்கு இன்னொரு பட்டியல் மருந்தாகாது. நான் ஒன்றைப் பரிந்துரைத்தால் அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுவேன். இதனால் உறவினர்கள் என்னை 'வாத்தியார்' என்று கேலி செய்வதும் உண்டு. நான் ஒருநாளும் பள்ளியில் வேலை பார்த்தவன் அல்லன்.

திரைப்படம் என்றால், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் 1977இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஆஃப் டென்'. ஒன்பது நிமிடம்தான். சிகாகோ நகரின் ஏரிக்கரையில் விரிப்பில் படுத்திருக்கும் ஒருவருக்கு மேலே, ஒரு மீட்டர் அகலக் காட்சியாகத் தொடங்கி, பத்து நொடிக்கு ஒருமுறை பத்து மடங்காக விரிந்து, விண்மீன் திரள்களையும் கடந்துபோகிறது. பிறகு விரைந்து திரும்பி அவருடைய கைத்தோலுக்குள் புகுந்து அணுக்கருவரை செல்கிறது. வெளியே போகும்போதும் உள்ளே போகும்போதும் எவ்வளவு நேரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத வெளியில் கழிகிறது என்று பாருங்கள். "இதில் கதையே இல்லையே" என்று எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஆம், இல்லை.

அதே தம்பதியர்தாம் என் அடுத்த பரிந்துரைக்கும் காரணம். இந்திய அரசின் அழைப்பில் வந்து 1958இல் அவர்கள் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாயிற்று. இங்கே தாங்கள் கண்ட பொருள்களில் அவர்கள் உச்சியில் வைத்தது 'லோட்டா'வை, அதாவது நம் வீட்டுச் சொம்பின் இனத்தை. அப்படியொன்றைப் புதிதாக வடிவமைப்பவர் எவற்றையெல்லாம் எண்ண வேண்டியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள்: எவ்வளவு நீர், தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் சாய்க்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, கழுவக் கை நுழையுமா, கல்லில் வைத்தால் என்ன ஓசை எழும். "எங்கள் பாட்டிக்குத் தெரியாததையா வெள்ளைக்காரர் சொல்லிவிட்டார்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். பாட்டிக்குத் தெரியும் என்பதை அவர்களே மறுக்கவில்லை. தனியொருவர் உருவாக்கியதன்று, பல தலைமுறைகள் உருவாக்கியது என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் கேள்விகளோடு உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தைப் பாருங்கள். பித்தளை போய் எத்தனையோ காலமாகியும் அந்தக் கழுத்தும் வயிறும் மாறவில்லை.

இயற்கை என்றதும் பலரும் மலைவாழிடங்களின் பெயர்களைச் சொல்வார்கள். நான் சொல்வது குழியானை, மண்ணில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சிறு பூச்சி. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்த அக்காள் மகன், மின்சாரம் நின்ற ஒரு மதியத்தில், "ஏதாவது வித்தியாசமாச் சொல்லுங்க மாமா" என்றான். கோவையில் பொறியியல் படிப்பவன். தாழ்வாரத்தின் ஓரத்தில், மழைபடாத புழுதியில், ரூபாய் நாணய அளவில் இருந்த கூம்புக் குழிகளின் முன் அவனை உட்கார வைத்தேன். எறும்பைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை (உயிர்வதை என்று கண்டிக்க வருவோர் கவனிக்க). அதுவாகவே ஒன்று வந்து விழுந்தது. ஏற முயலும் எறும்பின்மீது அடியிலிருந்து மண் வாரி இறைக்கப்படுவதைக் கண்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டான். அந்தக் குழியின் சரிவு, உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லையிலேயே இருப்பதால், ஒரு கால் பட்டாலும் மணல் உருளும். பின்னோக்கி மட்டுமே ஊர்ந்து, வட்டமிட்டு இதைத் தோண்டுவது ஓர் இளம்புழு. அது இரையின் சாற்றை உறிஞ்சி வளர்ந்தாலும் கழிவை வெளியேற்ற வழியற்றது. தும்பியைப் போன்ற இறகுப் பூச்சியாகி வெளிவரும்வரை அத்தனையையும் உள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு அவன் இருட்டும்வரை அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

அத்தானுக்குத்தான் கோபம். "ஏன் மாப்ளே, படிக்கிற பையனப் போயி மண்ணக் கிளற வச்சிருக்கியே" என்றார். அதே பையன் நாள் முழுவதும் கைப்பேசியில் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தபோது அவர் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இணைய விளையாட்டுகளை நான் வெறுப்பவன் என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 'பேரபிள் ஆஃப் தி பாலிகான்ஸ்' என்று தேடிப் பாருங்கள். வை ஹார்ட், நிக்கி கேஸ் ஆகிய இருவரும் 2014இல் வெளியிட்டது, இலவசம், உலாவியிலேயே ஓடும். சதுரங்களும் முக்கோணங்களும் கலந்து வாழும் ஓர் ஊர். அண்டையில் தன் இனம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் மட்டுமே ஒரு வடிவம் இடம்பெயரும். அவ்வளவு சிறிய விருப்பம்தான். ஆனால் சற்று நேரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். பொருளியல் அறிஞர் தாமஸ் ஷெல்லிங்கின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டது இது. சென்னையில் வாடகை வீடு தேடியபோது, சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்ட வீட்டுக்காரர்களைச் சந்தித்தவன் என்பதால், அந்தச் சதுரங்களை என்னால் வெறும் சதுரங்களாகப் பார்க்க முடியவில்லை. அங்கே கேட்கப்பட்டது மூன்றில் ஒரு பங்கன்று, முழுத் தெருவும்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. ஏற்கெனவே பிரிந்துவிட்ட ஊரில் அந்த விருப்பத்தை எவ்வளவு குறைத்தாலும் ஒன்றும் மாறாது. அண்டையில் வேற்றினமும் சிறிதளவாவது வேண்டும், சுற்றிலும் தன் இனமே நிறைந்திருந்தால் இடம்பெயர்வேன் என்று வடிவங்கள் கேட்கத் தொடங்கினால்தான் ஊர் மீண்டும் கலக்கும். அந்த விருப்பத்தை மாற்றும் பொத்தானை நகர்த்தாமல் பாதியில் மூடிவிடாதீர்கள்.