மாமியார் சூசைராஜ்ங்கிறாங்க, எனக்குத் தமிழ்ப் பேருதான் ஆசை

கேள்வி: டிசம்பர் கடைசியில எனக்கு டெலிவரி. நான் இந்துக் குடும்பத்துல பொறந்தவ, கல்யாணத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் வாங்கினேன், ஆனா வீட்ல இன்னும் பழைய பேருலதான் கூப்பிடுறாங்க. பையன் பொறந்தா தவறிப்போன மாமனார் பேரு சூசைராஜ்னு வைக்கணும்னு மாமியார் பிடிவாதமா இருக்காங்க, எனக்கு தமிழ்ப் பேரா வைக்க ஆசை. அன்பியக் கூட்டத்துல (பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்க கூடி ஜெபிக்கிற கூட்டம்) ஒரு அக்கா, புனிதர் பேரு இல்லைன்னா ஞானஸ்நானமே கிடையாது, உன் பேரே இன்னும் மாறலையேன்னுட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துல நிம்மதியா ஜெபிக்கக்கூட முடியல.
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அந்த அக்கா சொன்னதை மொதல்ல ஓரமா வைங்கம்மா. 1917 கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் புனிதர் பேரைக் கேட்டது உண்மைதான், அப்பவும் பெத்தவங்க ஒத்துக்கலைன்னா பங்குச் சாமியாரே கூடவே ஒரு புனிதர் பேரைச் சேத்து ரெண்டையும் ரெஜிஸ்டர்ல எழுதிக்கணும்னுதான் இருந்துச்சு. இப்ப நடப்புல இருக்கிற 1983 சட்டம், 855ஆம் பிரிவு, கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பேரா இல்லாம பாத்துக்கணும்னு மட்டும்தான் சொல்லுது.

உங்க வீட்டுச் சண்டை ஒண்ணும் புதுசு இல்ல, டிசம்பர் 23 பூசைல வாசிக்கிற நற்செய்தியே இந்தச் சண்டைதான். லூக்கா முதல் அதிகாரம், எலிசபெத்துக்குக் கொழந்த பொறந்து எட்டாம் நாள், சொந்தக்காரங்க எல்லாம் கூடி அப்பா பேரான செக்கரியாவையே வைக்கப் போறாங்க, எலிசபெத் முடியாது, யோவான்னுதான் வைக்கணும்ங்கிறா, உடனே உங்க சொந்தத்துல யாருக்கும் இந்தப் பேரு இல்லையேன்னு கேக்குறாங்க. பெத்தவ சொன்னது போதாதுன்னு புருஷன்கிட்ட வேற சைகைல கேக்குறாங்க பாருங்க, நம்ம ஊரு மாதிரியே இருக்குல்ல! பேச முடியாம இருந்த செக்கரியா பலகை வாங்கி யோவான்னு எழுதிக் காட்டுறாரு, அந்த நிமிஷமே அவருக்குப் பேச்சு வந்துடுது. அதனால உங்க வீட்டுக்காரரையும் வாயைத் திறக்கச் சொல்லுங்க, கடிதம் முழுக்கத் தேடிட்டேன், அவரு என்ன நெனைக்கிறார்னு ஒரு வரி இல்ல.

உங்க பேரைப் பத்தி சொன்னதுதான் எனக்குக் கோவம். டிசம்பர் 17 அன்னிக்கு மத்தேயு நற்செய்தியோட தலைமுறை அட்டவணை வாசிப்பாங்க, பாதிப் பேரு கொட்டாவி விடுற எடம், ஆனா கவனிச்சுக் கேளுங்க, அதுல எரிகோவூர் ராகாபு இருக்கா, மோவாபு நாட்டு ரூத்து இருக்கா, ரெண்டு பேரும் வேற எடத்துலேர்ந்து வந்த மருமகளுங்க, அந்தப் பேரோடயே ஏசு வம்சத்துல நிக்கிறாங்க. நம்ம பக்கம் பாத்தா நீலகண்டன் 1745ல ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனாரு, 2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. புரொட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ. பக்கம் மதிக்கிற கவிஞர் கிருஷ்ணபிள்ளையோ 1858ல கிறிஸ்தவரானப்ப ஹென்றி ஆல்பிரட்னு பேரு சேந்தாலும் கிருஷ்ணபிள்ளைங்கிற பேரை விடல. அவரு விசுவாசத்துல எவனாவது கொறை கண்டானா?

மாமியார் விஷயம் வேற. அவங்க சட்டம் பேசல, போன மனுஷன் பேரை வீட்ல மறுபடியும் கூப்பிடணும்னு தவிக்கிறாங்க, அதோட மல்லுக்கு நிக்காதீங்க. திருச்சியிலயே இருக்கீங்க, தூய வளனார் கல்லூரி போர்டைப் பாத்திருப்பீங்க, அந்த வளனார் வேற யாரும் இல்ல, ஏசுவோட வளர்ப்புத் தந்தை சூசையப்பர்தான். வீரமாமுனிவர் தன்னோட தேம்பாவணி காவியத்துல சூசையப்பருக்கு வளன்னும் திருமுழுக்கு யோவானுக்கு கருணையன்னும் தமிழ்லயே பேரு வெச்சுட்டாரு. பையனுக்கு வளன்னு வெச்சா உங்களுக்குத் தமிழ்ப் பேரு, மாமியாருக்கு அதே சூசை, அந்த அக்காவுக்குப் புனிதர் பேரு. ஆனா நீங்களா முடிவு பண்ணிட்டு அறிவிக்காதீங்க, ‘அத்தை, மாமா பேரைத்தான் தமிழ்ல சொல்றேன்’னு அவங்க பக்கத்துல உக்காந்து கேளுங்க, அவங்க வாயால ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கட்டும். அப்பவும் சூசைராஜ்தான்னு நின்னா ஞானஸ்நானத்துல வளன் சூசைராஜ்னு முழுசா வெச்சுக்கலாம், வீட்ல அவங்க இஷ்டப்படி கூப்பிடட்டும். பொண்ணா பொறந்தா? அதையும் இப்பவே பேசிடுங்க, ஆஸ்பத்திரியில வெச்சுப் பேச வேணாம்.

ஒரு ஆபீஸ் வேலையும் இருக்கு. பேரு இல்லாமலே பிறப்பைப் பதிவு பண்ணலாம், ஒரு வருஷத்துக்குள்ள பேரைச் சேத்தா கட்டணம் கிடையாது, அதனால அவசரப்படாதீங்க. ஆனா பிறப்புச் சான்றிதழ்லயும் ஞானஸ்நான ரெஜிஸ்டர்லயும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கணும், வளன்ல வர்ற அந்த ‘ன்’னுக்கு இங்கிலீஷ்ல ஒரு N-ஆ ரெண்டு N-ஆன்னு பங்கு ஆபீஸ்ல ஃபாரம் குடுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.