வாரக் கூட்டம் எதற்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர் கொங்குப் பகுதியில் மருந்துக்கடை நடத்துபவர், தம் ஊர் ரோட்டரி சங்கத்தின் முன்னாள் தலைவி. பல தொழில் செய்பவர்கள் ஒன்றுகூடி ஊருக்குத் தொண்டு செய்யும் சங்கம் ரோட்டரி.)

கேள்வி: என் கணவர் இந்த ஆண்டுதான் ரோட்டரியில் சேர்ந்தார். வியாழக்கிழமை ஆனால் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுகிறார். கேட்டால் ‘மீட்டிங்’ என்கிறார். வாராவாரம் கூடிப் பேச அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் கோபம் நியாயமானது சகோதரி. வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் சொல்லாமல் வாரம் ஒரு மாலை காணாமல் போனால் யாருக்கும் கோபம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

தலைவர் மணி அடித்துக் கூட்டத்தைத் தொடங்குவார். தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு எல்லோரும் எழுந்து நின்று நான்கு கேள்விகளைச் சேர்ந்து சொல்வோம்: இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா? நல்லெண்ணமும் நட்பும் வளருமா? எல்லோருக்கும் நன்மை தருமா? 1932-ல் ஹெர்பர்ட் டெய்லர் என்ற வியாபாரி, நொடித்துப்போகும் நிலையில் இருந்த தன் கம்பெனிக்காக எழுதிய கேள்விகள் இவை. அதன்பின் பிறந்தநாள், மணநாள் வாழ்த்து, செயலர் அறிக்கை, சிறப்பு விருந்தினர் பேச்சு, நன்றியுரை, நாட்டுப்பண். மறுபடி மணி, சாப்பாடு.

இதில் என் கண்ணுக்கு முக்கியமானது செயலர் அறிக்கைக்குப் பிறகு வரும் பத்து நிமிடம். ஒரு முறை அரசுப் பள்ளித் தலைமையாசிரியையின் கடிதத்தைச் செயலர் வாசித்தார். மாணவிகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய்விட்டது, வயதுக்கு வந்த பிள்ளைகள் மதியத்துக்கு மேல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்த அறையில் மோட்டார் ரீவைண்டிங் செய்பவர் இருந்தார், பைப் கடைக்காரர் இருந்தார், எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் இருந்தார். மூன்று பேரும் பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த வியாழன் செயலர் எழுந்து முதலில் கேட்டது, “தண்ணி ஏறுதுங்களா?” என்பதுதான். ஒரு வாரத்துக்குள் அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் ஒப்புக்கொண்ட வேலையை யாரும் தள்ளிப்போட மாட்டார்கள்.

இனி அவர் வீடு திரும்பியதும் “இன்னிக்கு என்ன முடிவு பண்ணீங்க?” என்று கேளுங்கள். தொடர்ந்து சில வாரங்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும்தான் சொல்ல முடிகிறது என்றால், அந்தச் சங்கத் தலைவரிடம் நீங்களே நேரில் பேசலாம். குடும்பத்தோடு கூடும் கூட்டங்களும் உண்டு; அதற்குக் கட்டாயம் போய் வாருங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் வாரக் கூட்டத்தை மாதம் இரண்டாகக் குறைக்கப் பேச்சு நடக்கிறது. விதியே அனுமதிக்கிறதாமே? உங்கள் கருத்து என்ன?
– வாசகர், நாமக்கல்

அனுமதிக்கிறது. 2016-ல் ரோட்டரியின் சட்டமியற்றும் குழு, மாதம் குறைந்தது இரண்டு கூட்டம் நடத்தினால் போதும் என்று சங்கங்களுக்கு உரிமை கொடுத்தது. நீங்கள் குறைத்தால் தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் குறைக்காதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்பேன். பழைய வழக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை.

ரத்ததானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்துக்கு ரத்த வங்கி டெக்னீஷியன் ஒருவர் பேச வந்தார். மேடைப் பேச்சே வராத மனிதர். தாளில் எழுதி வந்ததைப் பார்த்துப் படித்தார். எடுத்த ரத்தத்தின் சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஆயுள் 5 நாள். ஒரு முறை கொடுத்த ஆண் அடுத்து கொடுக்க 90 நாள் காத்திருக்க வேண்டும், பெண் 120 நாள். இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: “எல்லாச் சங்கமும் ஒரே நாள்ல பெரிய முகாம் போடறீங்க. அன்னிக்குக் கொடுத்தவங்க யாரையும் மூணு மாசத்துக்குக் கூப்பிட முடியாது. மே மாசம் காலேஜ் லீவு விட்டதும் நான் யாருகிட்டப் போய் நிக்கறது?”

அன்று இரவு சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினோம். பெரிய முகாம் வேண்டாம், ஆண்டு முழுக்கச் சிறு சிறு குழுவாகக் கொடுப்போம் என்று முடிவானது. ரத்த வகை வாரியாக ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொரு வியாழனும் ஓர் உறுப்பினர், அந்த வாரம் யார் யாருக்கு மறுபடி கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்று வாசிப்பார். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வந்து நோயாளிகளுக்குத் தட்டணு குறையும்போது அந்த நோட்டின் அருமை தெரியும். என் மருந்துக்கடைக் கவுன்டரில் தட்டணு கேட்டு அழுதுகொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 5 நாள் மட்டுமே தாங்கும் ஒரு பொருளுக்காக 15 நாளுக்கு ஒரு முறை கூடுவது எப்படிப் போதும், சொல்லுங்கள்?

செலவும் அலைச்சலும்தான் உங்கள் உறுப்பினர்களுக்குத் தடை என்றால் அதற்கு வழி இருக்கிறது. மாதத்தில் இரண்டு கூட்டத்தைச் சாப்பாடு இல்லாமல், டீ, பிஸ்கட்டோடு, ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். ஹோட்டல் ஹாலை விட்டுவிட்டுப் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அனுமதி வாங்கிக் கூடுங்கள். திட்டம் நடக்கும் இடத்தையே பார்த்ததாகவும் இருக்கும். வெள்ளாமை நேரத்தில் வர முடியாத விவசாய உறுப்பினர் வேறு ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போய் வருகையை ஈடு செய்துகொள்ளலாம். ‘மேக்-அப்’ என்ற அந்த வசதியைப் புதியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கேள்வி: நான் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். வயது 31. ரோட்டரி என்றால் டாக்டர், மில் ஓனர்களுக்குத்தானா? என்னைச் சேர்ப்பார்களா?
– வாசகர், கரூர்

தம்பி, 1905 பிப்ரவரி 23, அதுவும் ஒரு வியாழக்கிழமை. சிகாகோவில் ஓர் அலுவலக அறையில் நான்கு பேர் கூடியதுதான் முதல் கூட்டம். கூட்டிய பால் ஹாரிஸ் வக்கீல். மற்ற மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர். நான்காவது ஆள் ஹைரம் ஷோரி, தையல் தொழில் செய்தவர். முதல் நாளே உங்கள் தொழிலுக்கு அங்கே நாற்காலி போட்டாயிற்று.

உறுப்பினர் ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும். தெரிந்தவர் மூலம் முதலில் விருந்தினராக ஒரு கூட்டத்துக்குப் போங்கள். சேர்க்கைக் கட்டணம், ஆண்டுச் சந்தா, சாப்பாட்டுச் செலவு எல்லாம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். கூச்சப்படாமல் கேட்டுத் தெரிந்துகொண்டு, குடும்ப வரவுக்குள் அடங்கினால் சேருங்கள். அடங்காவிட்டால் ரத்ததான நோட்டில் பெயர் கொடுங்கள், அதற்குச் சந்தா கிடையாது.

கேள்வி: பெண்கள் தனியாக உறுப்பினராகலாமா, கணவர் உறுப்பினராக இருந்தால்தானா?
– வாசகி, ஈரோடு

தனியாகவே ஆகலாம். 1989-ல் உலகம் முழுக்க உள்ள சங்கங்களில் பெண்களைச் சேர்க்கலாம் என்று விதி மாறியது. என் கணவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. நான் கூட்டத்துக்குப் போகும் நாளில் கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

கேள்வி: இந்த ஆண்டு நான் சங்கச் செயலர். கூட்டத்தில் பாதி நேரம் பொன்னாடைக்கும் போட்டோவுக்கும் போய்விடுகிறது. பேச்சாளர்களும் சொன்னதையே சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், தாராபுரம்

பொன்னாடையை நிறுத்துங்கள். தலைவரிடம் பேசி முதல் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது. அந்தப் பணத்தில் பள்ளிக்கு நோட்டு வாங்கலாம். ஏழு மணிக் கூட்டத்தை, நான்கு பேர்தான் வந்திருந்தாலும், ஏழு மணிக்கே மணி அடித்துத் தொடங்குங்கள்.

பேச்சாளரை வெளியூரில் தேடாதீர்கள். போலியோவை எப்படி விரட்டினோம் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். ரோட்டரி 1985-ல் எடுத்துக்கொண்ட வேலை அது; இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை; 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்று நம் நாட்டுக்குச் சான்று கிடைத்தது. அதே கதையை உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரை அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். சொட்டு மருந்து போடப் பயந்து கதவைச் சாத்திய வீட்டில் என்ன பேசிக் கதவைத் திறக்க வைத்தார் என்பதை அவர்தான் சொல்ல முடியும். அடுத்த வாரம் 108 ஆம்புலன்ஸ் டிரைவர். அதற்கடுத்து மின்வாரிய லைன்மேன், ஆற்றில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர், சத்துணவு அமைப்பாளர். இருபது நிமிடம் அவர்கள் பேசட்டும், பத்து நிமிடம் உறுப்பினர்கள் கேட்கட்டும். பேசியவரிடம் “எங்களால் உங்களுக்கு ஆகவேண்டியது ஒன்று சொல்லுங்கள்” என்று கேட்டு, பதிலை அங்கேயே மினிட் புக்கில் எழுதிவிடுங்கள்.