கிராமத்தில் இருந்துகொண்டு, கோச் இல்லாமல், மும்பை மாரத்தானை ஓடி முடிக்க முடியுமா?

முடியும். கேட்டவருக்கு நாற்பது வயது, ஊர் மீனாட்சிபுரம் பக்கம், ஜனவரி ஓட்டத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வருகிறது என்று எழுதியிருக்கிறார். அது போதும். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியை. மும்பையில் 42.195 கிலோமீட்டரை முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதனால் வேகமாக ஓடுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். முடிப்பது எப்படி என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலை, மெதுவாக ஓடப் பழகுவது. கேட்க எளிது, செய்ய வெட்கமாக இருக்கும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறைத்துவிடுங்கள். வாரத்தில் மூன்று நாள் ஆறு, எட்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். ஞாயிறு ஓட்டத்தை மட்டும் இரண்டிரண்டு கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டு போங்கள், நாலு வாரத்துக்கு ஒருமுறை குறைத்துக் காலுக்கு ஓய்வு கொடுங்கள். 30, 32 வரை வந்தால் போதும். பயிற்சியிலேயே 42 ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்போது கால் துறுதுறுக்கும், சும்மா இருங்கள். ஷூ? பழகியது, அரை சைஸ் பெரியது. அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் வசதியும் தொல்லையும் காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடப்பதால் ஆடியில் மேற்கிலிருந்து சாரலோடு அடிக்கும், மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்டு அடிக்கும். எந்தக் காற்றானாலும் புறப்படும்போது எதிர்காற்றில் போங்கள். நான் மார்கழியில் கிழக்கே வேலந்தாவளம் பக்கமாகத்தான் கிளம்புவேன். திரும்பும்போது களைத்த முதுகைக் காற்றே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டுவிடும். எதிர்காற்றில் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மூச்சைக் கவனித்து ஓடினால் போதும்.

இந்த வறண்ட காற்றில் ஒரு ஏமாற்று உண்டு. வியர்வை வந்த கையோடு காய்ந்துவிடும், எவ்வளவு வியர்க்கிறது என்றே தெரியாது. மும்பையில் கடற்கரை ஓரம் சட்டை ஒட்டிப்போய் ஊற்றும். ஆகவே புரட்டாசி, ஐப்பசிப் புழுக்கத்தில் ஓடுவதைத் தவிர்க்காதீர்கள். உண்மையான பயிற்சி அந்த மாதங்களில்தான். மும்பைப் பாதையில் ஏற்றம் உண்டு, பழகிக்கொள்ள நம்மிடம் ஏற்றம் இல்லை. நெல்லியாம்பதி மலைப்பாதையில் விடியற்காலையில் ஓடலாம் என்றால் அங்கே யானை வரும். கிடைத்த மேம்பாலத்தில் ஏறி இறங்குங்கள், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

எப்படியும் பார்ப்பார்கள். பால் சொசைட்டிக்குக் கேனோடு போகிறவர்கள், கள் இறக்கத் தென்னந்தோப்புக்குப் போகிறவர்கள், எல்லாருக்கும் ஒரே கேள்வி: "டீச்சர், யாருங்க தொரத்தறாங்க?" நாய்கள் உண்மையாகவே துரத்தும். வீட்டுக்காரர் டி.வி.எஸ். 50-இல் தண்ணீர் பாட்டிலும் ஒரு குச்சியுமாகப் பின்னால் வருவார். தனியாக ஓடுகிற பெண்களுக்கு இந்த ஏற்பாட்டையே சொல்வேன். பாலக்காடு ஓட்டக்காரர்களின் மாவட்டம். முண்டூர்க்காரர் பி.யு. சித்ரா 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஆனால் பள்ளி வயதைத் தாண்டியவர்கள் ஓடினால்தான் ஊருக்கு வேடிக்கை. ஒலிம்பிக்கிலேயே பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல்தான். அப்படியிருக்க வேலந்தாவளம் ரோட்டுக்கு என்ன அவசரம்!

இனி சாப்பாடு. கால்களைவிட வயிறுதான் பலரை நிறுத்துகிறது. உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரைதான் வரும். அது தீர்ந்தால் கால் கனத்து, கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். அதனால் பசிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் மாவுச்சத்து ஜெல் எனக்குக் குமட்டியது. பேரீச்சம்பழமும் நேந்திரம்பழத் துண்டும் ஒத்துக்கொண்டன. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை ஞாயிறு ஓட்டங்களில் சோதித்துக்கொள்ளுங்கள். போட்டியன்று புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரை போகும். தாகத்துக்குக் குடியுங்கள், உப்பும் சேருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், சிறுநீரகத்துக்கு ஆபத்து. அப்புறம் வாசலின். தொடையிடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்க்காம்பு. கூச்சப்பட்டால் சட்டையில் ரத்தம்தான்.

முழு மாரத்தானில் பெயர் கொடுக்க, முன்பு ஓடிய ஓட்டத்தின் டைமிங் சான்றிதழ் கேட்பார்கள். அறிவிப்பில் நிபந்தனையைப் படித்துவிட்டு, அதற்குள் எங்காவது அரை மாரத்தான் ஒன்றை முடித்து வையுங்கள். மும்பைக்குக் கோவையிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருங்கள். பிப் (நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் சீட்டு) வாங்கும் கண்காட்சியில் நாள் முழுக்கச் சுற்றாமல் வாங்கியதும் திரும்பிவிடுங்கள். முந்தின நாள் சாப்பாட்டுக்கு மும்பையின் மாட்டுங்கா பகுதி போதும். பாலக்காட்டுக்காரர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம். இட்லியும் தயிர்சாதமும் தேடி அலைய வேண்டாம்.

விடிவதற்கு முன், ஐந்து மணிக்கு, சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டார்ட். வெடி வெடித்தபின் தொடக்கக் கோட்டைத் தொடவே சில நிமிடம் ஆகும். பதற வேண்டாம், பிப்பில் உள்ள சிப் நீங்கள் கோட்டைத் தாண்டியதிலிருந்துதான் கணக்கெடுக்கும். முதல் பத்து கிலோமீட்டரில் எல்லாரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், விடுங்கள். மரைன் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி எல்லாம் இருட்டிலேயே கடந்துவிடும். பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தில் மற்ற நாட்களில் நடந்துபோக அனுமதி இல்லை, அன்று ஓடலாம். அங்கே கூட்டமும் கைதட்டலும் இல்லை, காற்றுதான். நமக்குப் பழகிய விஷயம்.

மாஹிம், சிவாஜி பார்க் பக்கம் குடும்பம் குடும்பமாக நின்று ஆரஞ்சுச் சுளை, உப்பு, பிஸ்கட், சிக்கி என்கிற கடலை மிட்டாய் நீட்டுவார்கள். உப்பும் ஆரஞ்சும் வாங்கிக்கொள்ளலாம், மற்றதற்குச் சிரித்துவிட்டு வாருங்கள். 30-ஐத் தாண்டியபின் பின்னாலிருந்து சைரன் கேட்கும். நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பிந்திக் கிளம்பிய கென்யா, எத்தியோப்பியா வீரர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். டிக்கெட் வாங்கினாலும் இவ்வளவு பக்கத்தில் பார்க்க முடியாது.

பாதை ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். நான் ஓடியபோது பெடர் ரோடு ஏற்றம் திரும்பும் வழியிலும், 35-க்குப் பிறகு வந்தது. சாதாரண நாளில் அது ஏற்றமே இல்லை. அன்று பாதிப்பேர் நடந்தார்கள், நானும் நடந்தேன். நடக்கலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். நடப்பதாக இருந்தால் ஒரு விளக்குக் கம்பம்வரை நடை, அடுத்த கம்பம்வரை ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் ஓடியே ஆக வேண்டும். அதற்குப்பின் மரைன் டிரைவில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தொப்பி மறக்காதீர்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், கால் மணி நேரமாவது நடங்கள். மறுநாள் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்குவீர்கள், அது இயல்புதான். திரும்பி வரும் ரயிலில் லோயர் பெர்த் கிடைக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.