ஐயாயிரம் சொற்களும் ஒரு சிறு கடிதமும்

கேள்வி: எனக்கு வயது 25. தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப் பள்ளியிலும் பயின்று, அனைத்துலக உறவுகள் துறையில் பட்டம் பெற்றேன். மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் அரசதந்திரியாகப் பணியாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற முறை நிர்வாக, அரசதந்திர அதிகாரிகளுக்கான பி.டி.டி. எழுத்துத் தேர்வில் தேறவில்லை. ஆங்கிலப் பத்தியைப் படித்து விடையளிக்கும் பகுதியில்தான் சறுக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். இப்போது ஐயாயிரம் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நாளுக்கு நாற்பதாக மனனம் செய்கிறேன். ஒரே வாரத்தில் பாதி மறந்துபோகிறது. தமிழ்ப்பள்ளியில் படித்ததுதான் இதற்குக் காரணம் என்கிறார் என் அண்ணன். நான் எந்தச் சொற்பட்டியலைப் பின்பற்ற வேண்டும்?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பட்டியலை இன்றே மூடி வைத்துவிடுங்கள். வேறொரு பட்டியலையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இடைநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்: பத்தியைப் படித்துத் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரிய சொற்களில் இடறுவதில்லை. தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எளிய சொற்களில்தான் இடறுகிறார்கள்.

'டவுட்', 'சஸ்பெக்ட்' என்னும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டிற்குமே 'சந்தேகிக்கிறேன்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், அண்டை நாடு உடன்பாட்டில் கையெழுத்திடும் என்பதை ஒருவர் 'டவுட்' செய்தால், கையெழுத்திடாது என்பதே அவருடைய எண்ணம்; அதையே அவர் 'சஸ்பெக்ட்' செய்தால், கையெழுத்திடும் என்றே அவருக்குத் தோன்றுகிறது. ஒன்று கிழக்கு, மற்றொன்று மேற்கு. மலாய் மொழியில் முதலாவதற்கு 'ராகு', இரண்டாவதற்கு 'ஷக்' என இரண்டு சொற்கள் இருப்பதால், மும்மொழியும் அறிந்த உங்களால் இந்த வேறுபாட்டை ஒரே நாளில் மனத்தில் பதித்துக்கொள்ள முடியும். அதுபோலவே, 'எல்லோரும் வரவில்லை' என்று தமிழில் சொன்னால், ஒருவரும் வரவில்லை என்றும் பொருள்படலாம், சிலர் மட்டும் வரவில்லை என்றும் பொருள்படலாம். ஆங்கிலத்தில் 'நாட் ஆல்' என்பதும் 'நன்' என்பதும் ஒன்றுக்கொன்று மாற்றாக ஒருபோதும் நிற்பதில்லை. தேர்வில் கேள்வி அமைப்பவர்கள் இத்தகைய இடங்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

நம்மிடம் இல்லவே இல்லாத சொற்கள் இன்னும் கவனத்திற்குரியவை. 'தி' என்னும் சுட்டுச்சொல்லுக்கு ஈடான ஒன்று தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஆகவே நம் கண் அதைப் பார்த்தும் பாராமல் தாண்டிச் சென்றுவிடுகிறது. 1967 நவம்பர் 22ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், அண்மைய போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலக வேண்டும் என்கிறது. அதன் ஆங்கில வடிவத்தில் 'நிலப்பகுதிகள்' என்னும் சொல்லுக்கு முன்னால் 'தி' இல்லை. பிரெஞ்சு வடிவத்தை, கைப்பற்றப்பட்ட எல்லாப் பகுதிகளையும் குறிப்பதாகப் படிக்க இடமிருக்கிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்து மட்டுமா என்னும் வழக்கு அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓயவில்லை. இதை அறிந்த பிறகு எந்த ஆங்கிலப் பத்தியிலும் அந்தச் சிறு சொல்லை உங்களால் அலட்சியமாகக் கடந்துபோக முடியாது.

அவ்வளவு தொலைவுக்குப் போக வேண்டியதும் இல்லை. நம் நாட்டிலேயே ஒரு கடிதம் இருக்கிறது. பத்து பூத்தே என்று நாமும், பெட்ரா பிராங்கா என்று சிங்கப்பூரும் வழங்கும் பாறைத் தீவின் நிலை என்னவென்று 1953 ஜூன் மாதம் சிங்கப்பூரின் காலனித்துவ அரசு எழுத்து மூலம் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஜொகூர் மாநிலத்தின் தற்காலிகச் செயலாளர், ஜொகூர் அரசாங்கம் அத்தீவின் மீது 'ஓனர்ஷிப்' கோரவில்லை என்று மிகச் சுருக்கமாகப் பதில் எழுதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து வழக்கு ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்திற்குச் சென்றபோது, 'ஓனர்ஷிப்' என்பது சொத்துடைமையைக் குறிக்கும் சொல்லே தவிர இறையாண்மையைக் குறிப்பதன்று என்று மலேசியா வாதிட்டது. நாட்டின் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்வதற்காக எழுப்பப்பட்ட கேள்விக்கு வந்த பதில் என்பதால், அங்கே அச்சொல் இறையாண்மையையே குறித்தது என நீதிமன்றம் கொண்டது. 2008 மே 23ஆம் நாள் தீவு சிங்கப்பூருக்கு உரியதெனத் தீர்ப்பாயிற்று. அந்தக் கடிதம் ஒன்றே தீர்ப்பைத் தீர்மானித்துவிடவில்லை. அதன் பின்னர் இரு தரப்பும் நடந்துகொண்ட விதமும் எடைபோடப்பட்டது. ஆயினும் அந்த ஒற்றைச் சொல்லுக்காக நீதிமன்றம் பக்கம் பக்கமாக ஆராய வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்தச் சொல் உங்கள் ஐயாயிரத்தில் இருந்தாலும், 'உரிமை' என்ற ஒரே பொருளோடு அதைக் கடந்து சென்றிருப்பீர்கள்.

இந்தத் துறைக்குரிய சொல்வளம் பெரும்பாலும் வினைச்சொற்களில்தான் இருக்கிறது. ஐ.நா. தீர்மானம் எதையாவது எடுத்து ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் உள்ள வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். 'நோட்ஸ்' என்றால் அறிந்துகொண்டது, அவ்வளவே. அதில் பாராட்டும் இல்லை, கண்டனமும் இல்லை. 'அர்ஜஸ்' என்பது வற்புறுத்தும் வேண்டுகோள், 'டிமாண்ட்ஸ்' என்பது கோரிக்கையின் உச்சம். பாதுகாப்பு மன்றம் 'டிசைட்ஸ்' என்று எழுதிவிட்டால், ஐ.நா. சாசனத்தின் 25ஆம் விதிப்படி உறுப்பு நாடுகள் அதை ஏற்று நிறைவேற்றக் கடமைப்பட்டவை. குவைத்தை ஈராக் ஆக்கிரமித்த விவகாரத்தில் 1990இல் நிறைவேறிய 678ஆம் தீர்மானத்தில், தேவையான எல்லா வழிகளையும் கையாளலாம் என்ற தொடர் படைபலத்திற்கான அனுமதியாக இருந்தது. 2002இல் ஈராக் குறித்து நிறைவேறிய 1441ஆம் தீர்மானத்திலோ 'கடுமையான விளைவுகள்' என்ற எச்சரிக்கை மட்டுமே இடம்பெற்றது. அது போருக்கு இசைவு தந்ததா இல்லையா என்று நாடுகள் பிளவுபட்டு நின்றன. 2015 டிசம்பர் 12ஆம் நாள் பாரிஸ் பருவநிலை உடன்பாடு நிறைவேறவிருந்த கடைசி மணிநேரங்களில், ஒரு விதியில் கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' என்று இருந்தது, கட்டாயமின்றி வலியுறுத்தும் 'ஷுட்' என்று மாற்றப்பட்ட பிறகே அமெரிக்கா இசைந்தது.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளுக்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அது நல்ல பக்கமாக இருக்கட்டும். ஐ.நா. தீர்மானங்கள், ஆசியான் கூட்டறிக்கைகள், விஸ்மா புத்ராவின் செய்தி அறிக்கைகள் அனைத்தும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு பத்தியைப் படித்ததும் அதன் கருத்தை ஒரே தமிழ் வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால், படித்தது புரியவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. மறுநாள் மூலத்தைப் பாராமல் அந்தத் தமிழ் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எங்கே 'நடக்கலாம்' என்னும் 'மே'யை 'நடக்கும்' என்னும் 'வில்' ஆக்கினீர்கள், எங்கே 'சிலர்' என்பதைப் 'பலர்' ஆக்கினீர்கள் என்பது அப்போது கண்முன் தெரியும். இந்த ஒப்பீடு சலிப்பூட்டும் வேலைதான். அதைத் தவிர்த்துவிட்டால் பயிற்சியில் ஒன்றும் மிஞ்சாது.

புதிய சொற்கள் நாளுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். சொல்லையும் பொருளையும் எதிரெதிரே எழுதாமல், அது வந்த வாக்கியத்தை முழுமையாகக் குறித்து வையுங்கள். 'சாங்ஷன்' என்பது ஓரிடத்தில் ஒப்புதலையும் வேறோரிடத்தில் தண்டனைத் தடையையும் குறிக்கும். 'டேபிள்' செய்வது நாம் பின்பற்றும் பிரிட்டிஷ் வழக்கில் விவாதத்திற்கு முன்வைப்பது, அமெரிக்க வழக்கில் ஒத்திப்போடுவது. வாக்கியமின்றி இவற்றை மனனம் செய்வது ஆபத்தானது.

தேர்வு அறையில் விடைகளைப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். உலகில் உண்மையாக இருந்தும் பத்தியில் சொல்லப்படாத விடையும், பத்தி மென்மையாகச் சொன்னதை வன்மையாக்கும் விடையும் உங்களைப் போன்ற நன்கு படித்தவர்களைத்தான் எளிதில் இழுக்கும். ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

அண்ணன் உங்கள் மேலுள்ள அக்கறையால் பேசுகிறார் என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 'வந்தார்' என்பதற்கும் 'வந்தாராம்' என்பதற்கும் உள்ள இடைவெளியைச் சிறு வயதிலேயே உணர்ந்த காதுக்கு, ஆங்கிலத்தில் ஒருவர் உறுதியாகக் கூறுவதற்கும் பிறர் கூற்றாகக் கூறுவதற்கும் உள்ள வேறுபாடு எட்டாததன்று. ஆங்கிலத்தில் உங்களுக்குக் குறைவாக இருப்பது பழக்கம்தான். அதை நாள்தோறும் ஒரு மணிநேரம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அனைத்துலக நீதிமன்றத் தீர்ப்பில் அந்த 1953ஆம் ஆண்டுக் கடிதப் போக்குவரத்து மேற்கோளாகவே தரப்பட்டிருக்கிறது. முதல் வாரப் பயிற்சியாக அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜொகூரின் நிலையைக் காக்கும் வகையில் அந்தப் பதிலை நீங்கள் எழுத வேண்டியிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று மூன்று ஆங்கில வாக்கியங்களில் எழுதி, இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.